ஆளுங்கட்சி வரிசையில் ஒரு மாட்டு நடை

“தடிய எங்கக்கா வைக்கிறது?”

“கோட்டு, குடையெல்லாம் வாங்கி வைக்கிறாங்களே, அங்க குடு. உள்ள கொண்டு போகணும்னா சபாநாயகர்கிட்ட அனுமதி வாங்கணும்.”

“கேட்டா குடுப்பாரா?”

“குடுக்காம? அவர் என்ன அரக்கனா?”

“குடுப்பாருக்கா. ஆனா நாளைக்கு எங்க ஊர் பேப்பர்ல போட்டோவோட வரும். ‘ஓரிஹாரா சுமியே தடி ஊன்றி வந்தார்’னு. அடுத்த தேர்தல்ல எதிர்த்து நிக்கிறவன் வேற எதுவும் பேச வேண்டாம், என் காலப் பத்திப் பேசியே ஜெயிச்சிடுவான்.”

நாடாளுமன்றக் கீழவை மண்டபத்துக்குள் தொப்பி, மேல்கோட்டு, கழுத்துத்துணி, குடை, கைத்தடி எதையும் கொண்டுபோகக் கூடாது என்பது பழைய விதி. உடம்புக்கு முடியாதவர்களுக்கு மட்டும் சபாநாயகர் அனுமதி தருவார். சுமியே தனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சாதித்தாள். போன வாரம் வடக்கே அகிதாவில் இருக்கும் தன் ஊருக்குப் போனவள், பனி உறைந்திருந்த கோயில் படியில் வழுக்கி விழுந்திருந்தாள். வலது முழங்கால் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது. அதை அகலமான கால்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“இன்னிக்கு என்னக்கா பெரிய வேலை? ‘ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க’ம்பாரு. எழுந்திருப்பேன். உக்காருவேன். நடக்கவா போறேன்?”

“உன் இஷ்டம். விழுந்தா என் மேல விழாத. எனக்கு அறுபத்தாறு வயசு.”

என் பெயர் கமேய் தொக்கிகோ. தெற்கே உவாஜிமாவில் மீனை அரைத்து வேகவைத்து விற்கும் தொழிற்சாலையை நடத்திக்கொண்டிருந்தவள். முதல் முறை உறுப்பினர். சுமியேவும் முதல் முறைதான். முதல் முறைக்காரர்களை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அவள் இருக்கைக்கு அடுத்தது என் இருக்கை. பதினாறு மாதமாக அவள் கொட்டாவி விடுவதுகூட எனக்குத் தெரியும்.

அன்று ஓட்டுக்கு வரவிருந்தது பிரசவ மருத்துவமனைகளை ஒருங்கிணைக்கும் மசோதா. எங்கள் அரசாங்கத்தின் மசோதா. குழந்தைகள் குறைவாகப் பிறக்கும் ஊர்களின் பிரசவ வார்டுகளுக்கு உதவித்தொகையை நிறுத்திவிட்டு, மருத்துவர்களைப் பெரிய ஊர்களுக்குக் கொண்டுவருவது அதன் சாரம். எங்கள் உவாஜிமாவுக்கு அதனால் இரண்டு மருத்துவர்கள் கூடுதலாகக் கிடைப்பார்கள். ஆகவே எனக்கு அதில் வருத்தமில்லை. சுமியேவின் ஊரான கமினோசாவாவில் வார்டை மூடிவிடுவார்கள். அடுத்த ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். கோடையில் ஒரு மணி நேரம். பனிக்காலத்தில் கணவாய் திறந்திருந்தால்தான் அந்தக் கேள்வியே.

‘நான் இருக்கும்வரை அந்த வார்டை மூட விடமாட்டேன்’ என்று சொல்லித்தான் அவள் ஓட்டு வாங்கியிருந்தாள்.

முந்தின நாள் எங்கள் கொறடா குசகாபேயிடம் போய்க் கேட்டாள். கொறடா என்றால் ஓட்டுப்போட மந்தையை ஓட்டிவரும் மேய்ப்பர். இருபது வருடமாக அதே வேலை. “அடுத்த வருஷம் பார்ப்போம் ஓரிஹாரா சென்செய். இப்ப கட்சியோட நில்லுங்க. கட்சி உங்களோட நிக்கும்” என்றார். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் மரியாதைக்கு ‘சென்செய்’ என்றுதான் கூப்பிடுவோம். திரும்பி வந்து என்னிடம், “என் ஒரு ஓட்டால மசோதா நிக்கவா போகுது? போட்டுட்டுப் போறேன் அக்கா” என்றாள். அன்று மதியம் அவள் தன் சோற்றுப்பெட்டியைத் திறக்கவேயில்லை.

மண்டபத்துக்குள் போவதற்கு முன் குசகாபே எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. எதிர்க்கட்சி, பேர் கூப்பிட்டு ஓட்டு கேட்டிருக்கு. வெள்ளைப் பலகை. திரும்பச் சொல்றேன், வெள்ளை. நீலத்த எடுத்துட்டுப் போயிட்டு, ‘கை மாறிப் போச்சு சென்செய்’னு எங்கிட்ட வந்து அழக்கூடாது.”

“மாட்டு நடை உண்டா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

“இல்லையாம். போன தடவை நடந்ததுக்கு ஜனங்க திட்டித் தீத்துட்டாங்களாம். இந்தத் தடவை விறுவிறுன்னு நடந்து காட்டப் போறாங்களாம். வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பேர் கூப்பிட்டு ஓட்டு என்றால் ஒவ்வொருவரும் எழுந்து, மேடைப் படியேறி, பேர் எழுதிய மரப்பலகையை அவை அலுவலர் கையில் கொடுத்துவிட்டு மறுபக்கம் இறங்க வேண்டும். வெள்ளை ஆதரவுக்கு, நீலம் எதிர்ப்புக்கு. பிடிக்காத மசோதா என்றால் எதிர்க்கட்சிக்காரர்கள் அடிமேல் அடிவைத்து, நின்று நின்று நகர்வார்கள். அதுதான் மாட்டு நடை. சபாநாயகர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நேரம் குறிப்பார். அதற்குள் பலகை கொடுக்காதவர் ஓட்டு ஓட்டில்லை.

நான் சுமியேவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

“தடிய வாங்கிட்டு வரவா?”

மணி அடித்தது.

“நேரமில்லக்கா. பத்து எட்டு. அப்புறம் அஞ்சு படி. பல்லக் கடிச்சுக்கிறேன்.”

உட்கார்ந்ததும் அவள் மேசை டிராயரைத் திறந்து இரண்டு பலகையையும் எடுத்தாள். வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று.

“எதுக்குடி ரெண்டும்?”

“சும்மா கைல இருக்கட்டும்.”

“சும்மா இருக்கட்டும்னு எடுக்க அது என்ன விசிறியா? நீலத்த உள்ள போடு.”

அவள் போடவில்லை. பார்வையாளர் மாடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, மேல பாருங்க. மூணாவது வரிசை.”

ஐந்து பெண்கள். கம்பளிச் சட்டையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்திக்கு வயிறு முன்னால் தள்ளியிருந்தது.

“யாரு?”

“எங்க ஊர்க்காரங்க. அந்தப் பொண்ணு பேரு ஹோனாமி. அடுத்த மாசம் பிரசவம். வர்றேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“வராதீங்கன்னு சொல்லியிருப்பேன்.”

“அதான் சொல்லல.”

“சபையைப் பூட்டுங்கள்” என்றார் சபாநாயகர். கதவுகள் சாத்தப்பட்டன. இனி ஓட்டு முடியும்வரை யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது.

எதிர்க்கட்சிப் பக்கத்திலிருந்து பேர் வாசிக்கத் தொடங்கினார்கள். சபைக்குள் ஆண் பெண் எல்லோர் பேருக்கும் பின்னால் ஒரே ‘குன்’ அடைமொழிதான். சொன்னபடியே விறுவிறுவென்று நடந்தார்கள். நீலம், நீலம், நீலம். முகாய்யாமா கெங்கோ மட்டும் படியேறும்போது நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டினார். அவர் ஹாச்சினோஹே மீன் சந்தையில் ஏலம் விட்டவர். மைக் இல்லாமலே டோக்கியோ வளைகுடாவுக்குக் கேட்கும் குரல். எங்கள் மந்திரிகள் பேச எழுந்தால் முதலில் அவர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வார்கள்.

அவர்கள் பக்கம் முடிந்தது. எங்கள் பக்கம் வந்தது. முன்வரிசை முதலில்.

“ஓரிஹாரா சுமியே-குன்.”

எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு வைத்தாள். பிறகு பிடிக்க மேசை இல்லை. நின்றாள். வலது காலை இழுத்து இடது காலோடு சேர்த்தாள். மறுபடி நின்றாள்.

“கமேய் தொக்கிகோ-குன்.” நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். எனக்குப் பின்னால் அடுத்தவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாவது எட்டில் எதிர்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. அப்புறம் அந்தக் குரல்.

“அட! இங்க பாருங்கப்பா! ஆளுங்கட்சியிலயே ஒரு மாடு!”

எதிர்க்கட்சி வரிசை முழுக்க எழுந்து நின்று பார்த்தது.

“சபாஷ் ஓரிஹாரா!”

“நிதானமா நடங்கம்மா! எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல!”

“பின்னாடி நிக்கிறவங்க தள்ளாதீங்கய்யா! மாடு மிரளும்!” இது முகாய்யாமா.

சுமியே கழுத்தைத் திருப்பாமல் முணுமுணுத்தாள். “அக்கா, இவங்க என்ன சொல்றாங்க?”

“நீ எதிர்ப்பு காட்டுறியாம்.”

“நானா? நான் எங்க காட்டினேன்? நான் வெள்ளை போடத்தான் போறேன்!”

“மெதுவாப் பேசு.”

“முழங்கால்னு சொல்லிடுங்களேன்.”

“யார்கிட்ட? இந்தக் கூச்சல்ல நான் ‘தீ’ன்னு கத்தினாலே யாருக்கும் கேக்காது.”

எனக்குப் பின்னால் நின்ற கனத்த மனிதர் என் தோளைத் தட்டினார். “கமேய் சென்செய், முன்னால என்ன, டிராஃபிக்கா?”

“சிக்னல் விழல.”

“தாண்டிப் போனா என்ன?”

“போங்களேன். உங்க வயிறு அந்தப் படியில ஒதுங்குமா?”

எங்கள் பக்கமிருந்தும் ஆரம்பித்தார்கள். “ஓரிஹாரா! என்ன கூத்து இது!” “எந்தக் கட்சிம்மா நீ?” “பின்னால ஆள் நிக்கிறது தெரியலையா?” வரிசை மேசைகளுக்கிடையே வளைந்து, பின் சுவர்வரை போயிருந்தது. முன்னாள் மந்திரிகள், வருங்கால மந்திரிகள் எல்லோரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி, அடிமேல் அடிவைத்து. நாற்பது வருடமாக மாட்டு நடையைத் திட்டிய கட்சி, மொத்தமாக மாட்டு நடை நடந்துகொண்டிருந்தது. டிவியில் நேரடி ஒளிபரப்பு வேறு.

சுமியே மாடத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்திருக்க வேண்டாம். அங்கே கைதட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அந்த ஐந்து பேரும் கம்பிக் கிராதியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்கள். ஹோனாமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். காவலர் ஒருவர் அவர்களை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அவர்கள் அவரைக் கவனிக்கவேயில்லை.

“அவங்களும் அப்படித்தான் நெனைக்கிறாங்க அக்கா.”

“ஆமா.”

“நான் எதிர்க்கல. நான் நொண்டிக்கிட்டிருக்கேன்.”

“நட.”

சபாநாயகர் எழுந்தார். “உறுப்பினர்கள் விரைந்து வாக்களிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

“நேரம் குறிங்க!” என்றார் முகாய்யாமா. உடனே அந்தப் பக்கம் முழுக்க, “நேரம் குறி! நேரம் குறி!” என்று மேசையைத் தட்டத் தொடங்கியது. “போன தடவை நாங்க நடந்தப்ப டக்குனு நேரம் குறிச்சீங்களே! இப்ப உங்க கடிகாரம் நின்னு போச்சா?”

எங்கள் சபாநாயகரும் எங்கள் கட்சியிலிருந்து போனவர்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் கட்சியை விட்டுவிட வேண்டும். நிறைய பேர் பேருக்கு விடுவார்கள். இவர் நிஜமாகவே விட்டவர். வாய்த்தது அப்படி.

“இனி ஐந்து நிமிடம். அதற்குள் வாக்களிக்காதவர்கள், வாக்களிக்காதவர்களாகவே கருதப்படுவார்கள்.”

எங்கள் பக்கம் பழக்கத்தில் கைதட்டிவிட்டது. கைதட்டி முடித்த பிறகுதான் புரிந்தது. ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் எதிர்க்கட்சி. போடாதவர்கள் எல்லோரும் நாங்கள், சுமியேவின் முழங்காலுக்குப் பின்னால்.

குசகாபே மேசைகளுக்கு நடுவே நுழைந்து, இடித்துக்கொண்டு, ஓடி வந்து அவள் பக்கத்தில் நின்றார். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்திருந்தார், டிவிக்காக. உதடு அசையாமல் பேசினார்.

“ஓரிஹாரா சென்செய்.”

“மன்னிச்சிடுங்க சென்செய். முழங்கால்.”

“முழங்கால்.”

“ஆமாங்க. வீங்கியிருக்கு.”

“புரியுது. எங்கிட்டயும் ரெண்டு இருக்கு. பல்வலி, வயித்துவலி, மாமியார் சாவு, எல்லாம் பாத்தவன் நான். விஷயத்துக்கு வாங்க. என்ன வேணும்?”

“நிஜமாவே முழங்கால்தான்...”

“கமினோசாவா ஆஸ்பத்திரி. அதானே? நேத்து வந்து கேட்டீங்க, நான் அடுத்த வருஷம்னேன். அதுக்குத்தான் இன்னிக்கு இந்த நடை. தப்பா எடுத்துக்காதீங்க, நல்லாவே பண்றீங்க. நானே பயந்துட்டேன். சொல்லுங்க, என்ன வேணும்?”

சுமியே முதல் படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். பின்னால் நான்.

“முழங்கால்தான் சென்செய்” என்றாள். “பொய் சொல்லல. ஆனா ஆஸ்பத்திரியும் வேணும்.”

“சுருக்கமா.”

“பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பனிக்காலத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுதுன்னா, அந்த ஊர்ல எத்தன குழந்தை பிறக்குதுன்னு எண்ணக் கூடாது. ஒண்ணு பிறந்தாலும் வார்டு இருக்கணும்.”

“இப்ப மசோதாவுல ஒரு புள்ளியக்கூட மாத்த முடியாது. ஓட்டு நடக்குது.”

“தெரியும்.”

“மேலவைல பாக்கலாம்.”

“பாக்கலாம்னா என்ன அர்த்தம் சென்செய்? நீங்க எங்கிட்ட நேத்தும் ‘பார்ப்போம்’னீங்க.”

“மூன்று நிமிடம்” என்றார் சபாநாயகர்.

குசகாபேயின் காதோரம் வியர்வை வழிந்தது. “சரி. மேலவைல திருத்தம் கொண்டு வருவோம். போதுமா? நடங்க.”

“இத என் காதுல சொல்றீங்க. என் காது உங்களுக்கு ஓட்டுப் போடுற காது. அங்க ஒருத்தர் இருக்காரே, அவருக்குக் கேக்கட்டும்.” முகவாயால் முகாய்யாமாவைக் காட்டினாள்.

“விளையாடுறீங்களா?”

“என்னால விளையாட முடியாது சென்செய். கால் வலிக்குது.”

பின்னால் வரிசை முழுக்க, “குசகாபே! என்னவோ சொல்லித் தொலைங்க!” என்று கத்தியது. குசகாபே கண்ணை மூடித் திறந்தார். பிறகு சாதாரணமாகப் பேசுகிற குரலில், அதைவிடக் கொஞ்சம் கூட்டி, “பனிப் பகுதி ஆஸ்பத்திரிகளுக்கு மேலவையில் விலக்குத் திருத்தம் கொண்டு வருவோம்” என்றார்.

மீன் சந்தையில் ஆயிரம் பேர் கூச்சலில் ஒருவன் விரல் அசைப்பதைப் பிடிக்கிற ஆளுக்கு அது போதாதா?

“என்னது? விலக்கா? பனி ஊர் ஆஸ்பத்திரிகளுக்கா? மேலவையிலயா? எல்லாரும் கேட்டுக்குங்கய்யா, கொறடா வாக்குக் குடுத்துட்டாரு! ஒரு தரம்! ரெண்டு தரம்!”

எதிர்க்கட்சி வரிசை மொத்தமும் மேசையில் ஒரே அடி அடித்தது. “மூணு தரம்!”

சபாநாயகர் அமைதி, அமைதி என்றார். எங்கள் பக்கத்திலேயே நாலைந்து பேர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“போதுமா? இப்ப நடங்க!” என்றார் குசகாபே.

சுமியே இரண்டாவது படிக்குக் காலைத் தூக்கினாள். முழங்கால் மடங்கியது. விழுந்திருப்பாள், குசகாபேயின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் எடை முழுக்க அவர் மேல் இறங்கியது. மனிதர் தடுமாறிக் குனிந்தார். குனிந்த இடத்தில் அவர் கண்ணுக்கு நேரே அந்த முழங்கால். கால்சட்டை இறுகி, உள்ளே இருந்த பூசணிக்காய் தெளிவாகத் தெரிந்தது.

“நிஜமாவே முழங்காலா?”

“முதல்லருந்து அதத்தானே சொல்றேன்.”

“தடி எங்க?”

“வெளில. கோட்டோட.”

“அனுமதி கேட்டிருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பேனேம்மா! ஒரு வார்த்தை!”

“வெக்கமா இருந்துச்சு.”

குசகாபே அவளை நிமிர்த்திப் பிடித்தார். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, ஏலம் முடிந்துவிட்டது. “கமேய் சென்செய், அந்தப் பக்கம் பிடிங்க” என்றார். ஆளுக்கு ஒரு கக்கத்தில் கைகொடுத்து நாங்கள் அவளை மேலே ஏற்றினோம். இரண்டு பக்கமும் சிரித்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மேடையில் அவை அலுவலர் கையை நீட்டினார். சுமியே மூச்சு வாங்கினாள். கையிலிருந்த இரண்டு பலகையையும் பார்த்தாள். மாடத்தைப் பார்க்கவில்லை. நீலத்தை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து வணங்கி, கொடுத்தாள்.

குசகாபேயிடமிருந்து சைக்கிள் டயரில் காற்று இறங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது.

“ஓரிஹாரா சென்செய்...”

“நடக்கச் சொன்னீங்க. நடந்துட்டேன்.”

நான் என் வெள்ளையைக் கொடுத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் இறங்கினேன். எங்களுக்குப் பின்னால் வரிசை பிய்த்துக்கொண்டு ஓடி வந்தது. எழுபது வயதுக்காரர்கள் இரண்டிரண்டு படியாகத் தாவினார்கள். வயிற்றுக்காரர் பலகையை நழுவவிட்டு மண்டியிட்டுப் பொறுக்கினார். “ஓடுங்க மந்திரி! ஓடுங்க!” என்று முகாய்யாமா உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். கடைசி ஆள் பலகை கொடுத்ததும் சபாநாயகர் கடிகாரத்தைப் பார்த்தார். மசோதா நிறைவேறியது. ஓட்டு வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் நிறைவேறியது.

கதவு திறந்ததும் குசகாபே தாழ்வாரத்தில் எங்களை மடக்கினார். கையில் அவளுடைய தடி. தானே போய் வாங்கி வந்திருந்தார்.

“பிடிங்க.”

“ரொம்ப நன்றி சென்செய்.”

“நன்றி இருக்கட்டும். காலைல கட்சி ஆபீஸுக்கு வாங்க. சுகாதாரக் குழுவுலருந்து உங்கள எடுத்துடுவாங்க. எச்சரிக்கைக் கடிதம் வரும். அடுத்த தேர்தல் டிக்கெட்... அதப் பத்தி இப்பப் பேச வேண்டாம்.”

“சரி.”

“சரின்னா என்ன சரி? வெள்ளையக் குடுத்திருந்தா அந்தத் திருத்தத்தோட சேத்து உங்களுக்கு ஊர்ல சிலையே வச்சிருப்பாங்க. எதுக்கு இந்த வேலை?”

சுமியே தடியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். “மேல அஞ்சு பேரு ஒண்ணு பார்த்தாங்க சென்செய். நான் பண்ணாத ஒண்ணு. வெள்ளையக் குடுத்தா அவங்க பார்த்தது பொய்யாயிடும். அதான் பண்ணிட்டேன்.”

“உளறாதீங்க” என்று சொல்லிவிட்டுக் குசகாபே போனார். நாலு எட்டு போனதும் திரும்பினார். “அந்த ஒரு மணி நேரம்னீங்களே. பனிக்காலத்து நேரமா, கோடை நேரமா? எழுதும்போது கேப்பாங்க.”

“பனிக்காலம்!” என்றோம் நாங்கள் இருவரும்.

பார்வையாளர் வாசலில் அந்த ஐந்து பேரும் காத்திருந்தார்கள். சுமியேவைக் கண்டதும் வரிசையாகக் குனிந்தார்கள். அவள் கையை ஆட்டித் தடுத்தாள்.

“முதல்ல நான் சொல்றதக் கேளுங்க. நான் ஒண்ணும் வீரத்தோட நடக்கல. முழங்கால் வீங்கியிருக்கு. வேகமா நடக்க முடியல. அவ்வளவுதான். வெள்ளை போடணும்னுதான் எழுந்தேன். நீங்க என்னப் பத்திப் பெருசா நினைச்சுடக் கூடாது.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹோனாமிதான் பேசினாள்.

“நடந்தது முழங்கால்னே வச்சுக்கலாம். நீலத்தக் குடுத்தது எது?”

சுமியே தடியை மாற்றி ஊன்றப் பார்த்துத் தள்ளாடினாள்.

“ஐயோ, உக்காருங்க முதல்ல” என்றாள் ஹோனாமி. எட்டு மாதக் கர்ப்பிணி நாற்காலியை இழுத்துப் போட, மக்கள் பிரதிநிதி அதில் உட்கார்ந்தாள். ஒருத்தி குளிர்ந்த தேநீர் பாட்டிலை அவள் முழங்காலில் வைத்து அழுத்தினாள். “இதுக்கு முட்டைக்கோஸ் இலை வச்சுக் கட்டணும்.” “அதெல்லாம் மாரடைப்புக்குடி.” “மாரடைப்புக்கு யாருடி முட்டைக்கோஸ் கட்டுறா?” அகிதாக்காரர்கள் பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் அன்று புரியாமல் போனது எதுவும் இல்லை.

குசகாபே சொன்னதெல்லாம் நடந்தது. கடிதம் வந்தது. சுகாதாரக் குழுவிலிருந்து எடுத்து, கூரைக் கசிவுகளைப் பார்க்கும் ஒரு துணைக்குழுவில் போட்டார்கள். உணவகத்தில் சிலர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். நான் போகவில்லை, அந்த மேசையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

மேலவையில் கொஞ்சம் இழுத்தது. குசகாபே அங்கும் இங்கும் ஓடினார். ஓடாமல் என்ன செய்வார்? முகாய்யாமா பார்க்கிற இடத்திலெல்லாம், “கொறடா, மூணு தரம் ஆச்சு, மீன் எங்க?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். ஒரு தடவை கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றுகூடக் கேட்டாராம். பனிப் பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் விலக்கு என்ற வரி சேர்ந்தது. தீவுகள் எப்படி வந்தன என்று சுமியே கேட்டாள். “எங்க பக்கமும் தீவு இருக்குடி” என்றேன் நான். மேலவையில் எனக்கும் இரண்டு பேரைத் தெரியும்.

மாற்றியனுப்பிய மசோதா ஜூன் மாதம் திரும்ப எங்கள் சபைக்கு வந்தது. மழைக்காலம். மண்டபம் முழுக்க ஈரக் கம்பள வாசனை. சபாநாயகர் கேட்டார்: “மேலவையின் திருத்தத்தை ஏற்றுக்கொள்வதில் ஆட்சேபம் உண்டா?”

“ஆட்சேபம் இல்லை!”

இரண்டு பக்கமும் சேர்ந்து சொன்னது. முகாய்யாமா எல்லோரையும்விடக் கொஞ்சம் முந்திக்கொண்டார்.

“ஆட்சேபம் இல்லையென முடிவு செய்யப்படுகிறது.” அவ்வளவுதான். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

சுமியே பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “இவ்வளவுதானாக்கா? ஒரு மூச்சுல முடிஞ்சுடுச்சே.”

“பின்ன? மேளம் அடிப்பாங்கன்னு நெனைச்சியா?”

“எங்க ஊர்ல இந்நேரம் டிவி முன்னால உக்காந்திருப்பாங்க. ஹோனாமி மடியில பையன் இருப்பான். கண்ணச் சிமிட்டியிருந்தா விட்டிருப்பாங்க.”

“சிமிட்டியிருக்க மாட்டாங்க.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். “டிக்கெட் குடுக்க மாட்டாங்கக்கா.”

“குடுக்கலைன்னா?”

“சுயேச்சையா நிப்பேன்.”

“பணத்துக்கு?”

“சைக்கிள்ல போயி ஓட்டு கேப்பேன். கால் இப்ப நல்லா மடங்குது.” மேசைக்கடியில் காலை நீட்டி மடக்கிக் காட்டினாள். முன்வரிசை என்பதால் சபாநாயகருக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு அடுத்த மசோதாவின் தலைப்பை வாசித்தார்.